சிறுநாட்களுக்கும் நாளிதழில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தேங்காய் தினம், உலகக் கடித தினம், பருப்பு வகைகள் தினம் என்று நாளுக்கு ஒரு தினத்தின் பெயர் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. இவற்றையெல்லாம் வீட்டில் பிள்ளைகளோடு கொண்டாட வேண்டுமா, மேல்நாட்டிலிருந்து வந்த வீண் வேலையல்லவா என்று கேட்டு வாசகர்கள் சிலர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார்கள். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் மகன் குடும்பத்தோடு இருந்துவரும் எனக்கு இதில் சொல்ல ஒன்று உண்டு. அரசு விடுமுறை இல்லாத, ஊர் கூடித் தேர் இழுக்காத, துணிக்கடைகள் தள்ளுபடிகூட அறிவிக்காத சிறுநாட்களை வீட்டளவில் கொண்டாடுவது நெல்லைச் சீமைக்குப் புதிய பழக்கமே இல்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் தினங்களைக் கண்டு முகம் சுளிக்கவும் வேண்டாம், வந்தபடியே வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கொடுக்கும் நாளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சிறுநாட்களோடு சேர்த்து நடத்தினால் போதும் என்பது என் கருத்து.

சிறுவீட்டுப் பொங்கலையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களைத் தாண்டிவிட்டால் இதன் பெயரைச் சொல்லி விளக்கியாக வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் தாய்மார் பலருக்கும் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, நடுவில் சாண உருண்டை பிடித்து வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். வெயில் ஏறிய பின் அந்த உருண்டையைப் பூவோடு சேர்த்துத் தட்டிக் காய வைத்து, மாதம் முழுவதும் சேர்த்து வருவார்கள். தைப்பொங்கல் கழிந்து பிறிதொரு நாளில், வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காக முற்றத்தில் களிமண்ணால் ஒரு சிறு வீடு எழும்பும். சுவர் முழங்கால் உயரம்கூட இராது; ஆனாலும் அதற்கு வாசல் உண்டு, அடுக்களை உண்டு, பிள்ளைகள் இழுத்த கோணல்மாணலான கோலமும் உண்டு. அதன் முன்னால் சிறு பானை வைத்துப் பிள்ளைகளே பொங்கலிடுவார்கள். பிறகு, சேர்த்து வைத்திருக்கும் பூ எருக்களை ஆற்றுக்குக் கொண்டுபோய், மேலே சூடம் ஏற்றித் தாமிரபரணியில் மிதக்க விடுவார்கள். அடுப்பு அணைந்தாலும், அரிசி அடிப்பிடித்தாலும், அன்றைக்கு அவர்களை யாரும் ஏசுவதில்லை. பெரியவர்களின் பொங்கல் முடிந்த பின் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு பொங்கலை ஒதுக்கி, அதற்கான ஆயத்தத்தை ஒரு மாதம் முன்னாலேயே அவர்கள் கையில் ஒப்படைத்தவர்கள் நம் ஆச்சிமார்.

எங்கள் வீட்டில் முற்றம் இல்லை. எனவே தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், செங்கல் அடுக்கி, களிமண் பூசிச் சிறுவீடு கட்டுகிறோம். பூசணிப்பூ எப்படியோ கிடைத்துவிடுகிறது. சாணத்துக்குத்தான் பால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. பேத்திக்குக் கட்டும்போது, "எனக்கு மட்டும் ஏன் ஆச்சி வீடு இல்ல?" என்று பேரன் கேட்டான். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே என்பது வழக்கம் என்றாலும், அவன் கேள்விக்கு என்னிடம் நியாயமான பதில் இல்லாததால் இப்போது தட்டட்டியில் இரண்டு சிறுவீடுகள் எழும்புகின்றன. மரபைக் கெடுத்துவிட்டதாகச் சம்பந்தி வீட்டில் சிறிது வருத்தம் உண்டு. பையன் பானையைக் கிண்டப் பழகுகிறானே என்று எனக்கு மகிழ்ச்சி.

திருக்கார்த்திகைக்கு நம் வீடுகளில் அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையும் இந்த வரிசையில் வருவதே. விளக்கு வைப்பது தமிழ்நாடு எங்கும் உண்டு. பனங்குருத்தோலையைக் கழுவித் துடைத்து, அரிசி மாவில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்த் துருவலும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, ஓலையின் மடிப்புக்குள் நீளமாக அடைத்து, இன்னோர் ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டிக் கொப்பரையில் அவிப்பது நம் தென்கோடியின் வழக்கம். வெந்த பின் ஓலையைப் பிரித்தால் கொழுக்கட்டையின் முதுகில் ஓலையின் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கும்; வாசனை தெருமுனை வரை போகும். ஔவையார் நோன்பு இன்னொன்று. தை, மாசி, ஆடி மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில் வரும் அந்த நோன்புக்கு, "அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்று பெண்கள் கணக்கு வைத்திருப்பார்கள். இரவில், ஆண்வாடையே இல்லாமல், ஆண்குழந்தைகளைக்கூட வெளியே அனுப்பிவிட்டு நடக்கும். அதற்குள் என்ன நடக்கிறது என்பதை நாளிதழில் எழுதினால் எங்கள் தெரு ஆச்சிமார் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

விநோதமான நாட்கள் என்று உலகத்தில் தேடுகிறவர்கள் நெல்லையப்பர் கோயில் விழாக்களையே ஒருமுறை கவனிக்கலாம். கருவூர்ச் சித்தர் வந்து அழைத்தபோது இறைவன் உடனே மறுமொழி சொல்லவில்லையாம். சித்தர் சினந்து வெளியேறி மானூருக்குப் போய்விட, அவரைத் தேடிப் போய் இறைவன் காட்சி கொடுத்ததாகக் கதை. அதற்காக ஒவ்வோர் ஆவணி மூலத்துக்கும் சுவாமி இங்கிருந்து புறப்பட்டுச் சங்கரன்கோவில் சாலையிலுள்ள மானூருக்குப் போய் வருகிறார். கோபித்துக்கொண்டு போன அடியவரைச் சமாதானப்படுத்த இறைவன் ஆண்டுதோறும் பயணம் போகும் நாள் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று தெரியும். காய வைத்த நெல் மழையில் நனையாதபடி இறைவன் வேலியிட்டுக் காத்த திருவிளையாடல் தைப்பூசத் திருவிழாவில் நடக்கிறது. ஊரின் பெயருக்கே அதைத்தான் காரணமாகச் சொல்கிறோம். வைகாசி விசாகமோ தாமிரபரணியின் பிறந்தநாள். ஆற்றுக்குப் பிறந்தநாள் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள், தேங்காய்க்கு ஒரு தினமா என்று சிரிப்பது அவ்வளவு பொருத்தமாக எனக்குப் படவில்லை.

இனி வெளியிலிருந்து வரும் தினங்களைப் பார்ப்போம். இவற்றை யார் அறிவிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிலவற்றை ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டு அறிவிக்கிறது. சிலவற்றை வணிக அமைப்புகள் அறிவிக்கின்றன. இன்னும் சிலவற்றை யாரோ இரண்டு பேர் பேசி முடிவு செய்கிறார்கள். செப்டம்பர் 19-ஆம் நாளைக் 'கடற்கொள்ளையர்போல் பேசும் நாள்' என்கிறார்கள். 1995-இல் அமெரிக்காவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஜான் பௌர், மார்க் சம்மர்ஸ் என்னும் இரு நண்பர்கள் வேடிக்கைக்காகத் தொடங்கியது அது. மறக்காமல் இருக்கும் என்பதற்காகச் சம்மர்ஸ் தம் முன்னாள் மனைவியின் பிறந்தநாளையே அதற்குத் தேர்ந்தெடுத்தார் என்பது கதையின் சுவையான பகுதி. சில ஆண்டுகள் அவர்களுக்குள்ளேயே இருந்த அந்த நாள், 2002-இல் டேவ் பாரி என்னும் பத்திரிகையாளர் தம் பத்தியில் அதைப் பற்றி எழுதிய பிறகே உலகெங்கும் பரவியது. ஒரு பத்திரிகைக்கு அத்தனை வலிமை உண்டு என்பதைப் பின்னால் சொல்லவிருக்கும் வேண்டுகோளுக்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

பெயரைக் கேட்டவுடன் சிரிப்பு வரும் தினங்கள் எல்லாம் வெறும் வேடிக்கையும் அல்ல. நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினம். சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் 2001-இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கிய நாள் அது. ஐக்கிய நாடுகள் சபை 2013-இல் அதை ஏற்றுக்கொண்டது. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் மாணவிகள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவதைக் கண்ணால் கண்ட ஆசிரியை என்ற முறையில், அந்தத் தினத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது.

எங்கள் வீட்டில் கொண்டாடும் வெளிநாட்டுத் தினங்கள் சிலவே. அவற்றையும் நம் ஊருக்கு ஏற்ப மாற்றித்தான் கொண்டாடுகிறோம். கணிதம் படித்தவள் என்பதால் முதலில் பை (π) தினம். வட்டத்தின் சுற்றளவு அதன் குறுக்களவைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்தான் பை. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதுவதால், 3.14 என்பதைக் கொண்டு மார்ச் 14-ஆம் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தில் லாரி ஷா என்னும் இயற்பியலாளர் 1988-இல் தொடங்கியது அது. அதே நாளை 2019-இல் யுனெஸ்கோ பன்னாட்டுக் கணித தினமாகவும் அறிவித்தது. தேதியை முதலில் எழுதும் நமக்கு 22/7, அதாவது சூலை 22 அல்லவா பொருந்தும்? நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வதும் 22/7 தானே? 3.14 என்பதைவிட 22/7 உண்மையான மதிப்புக்குச் சற்று நெருங்கியது என்பது கூடுதல் ஆதாயம்.

அன்றைக்கு அடுக்களையிலுள்ள வட்டமான பாத்திரங்கள் எல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். இட்லிக் கொப்பரை மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை ஒட்டினாற்போல் வைத்து, அளவுக்கு வெட்டச் சொல்வேன். பிறகு அந்த நூலை மூடியின் குறுக்களவுக்கு வைத்து வைத்துப் பார்த்தால், மூன்று முறை சரியாகப் போய்க் கொஞ்சம் நூல் மிஞ்சும். அந்த மிச்சத்தை வெட்டியெடுத்து, அதைக் கொண்டு குறுக்களவை அளந்தால் ஏறத்தாழ ஏழு முறை வரும். மூன்றும், ஏழில் ஒன்றும், அதாவது 22/7. கொப்பரை மூடியில் வருவது தாம்பாளத்திலும் வருகிறது, டம்ளரிலும் வருகிறது என்று கண்டபோது என் பேத்தி வீட்டில் வட்டமாக எது இருந்தாலும் நூலைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். அவள் தாத்தாவின் வழுக்கைத் தலை வரைக்கும் அது போனது. கரும்பலகையில் பல ஆண்டுகள் எழுதிப் போட்டும் இந்த அளவுக்கு ஓர் ஆர்வத்தை வகுப்பில் நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 10 பருப்பு வகைகள் தினம். 2016-ஆம் ஆண்டைப் பருப்பு வகைகளின் ஆண்டாகக் கொண்டாடிய ஐக்கிய நாடுகள் சபை, 2018-இல் போட்ட தீர்மானத்தின்படி இந்த நாளை அறிவித்தது. நமக்கு இதைவிடத் தோதான நாள் கிடைக்காது. பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்த வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைப்பதும், அதன் வேர் முண்டுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்ப்பதும் ஆற்றுப்பாசன விவசாயிகள் அறிந்தவையே. அன்றைக்கு எங்கள் வீட்டில் தொலி உளுந்தை வறுத்துப் போட்டு, வெந்தயமும் பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உளுந்தம்பருப்புச் சோறும், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும். சமைப்பவர் என் மகன். இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். பண்டிகை என்றால் அரைப்பதும் இடிப்பதும் அவிப்பதும் பெண்கள் தலையில் விழுவது நம் வழக்கம். வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்க்கும் மருமகள்களுக்கு இன்னும் சில தினங்களைக் கூடுதலாகச் சுமத்துவதானால் இந்தச் சிறுநாட்களே வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 2 உலக ஈரநிலங்கள் தினம். 1971-இல் ஈரானிலுள்ள ராம்சார் நகரத்தில் ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை ஏற்பட்ட நாள். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 2022-இல் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றது. கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூந்தன்குளத்து வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுவதையும், அவை மிரளக் கூடாது என்று அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதையும் நெல்லையிலேயே நேரில் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காண ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் போதும். செலவும் பெரிதில்லை, புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் போதும்.

செப்டம்பர் 1 இரட்டை நாள். ஆஸ்திரேலியர் ஒருவர் 2014-இல் தொடங்கிவைத்த உலகக் கடித தினம் அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் 1790-இல் திருநெல்வேலி மாவட்டம் உருவானதும் அதே செப்டம்பர் 1-இல்தான். இரண்டையும் சேர்த்து, வெளியூரிலிருக்கும் அத்தை, மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் ஊரைப் பற்றி ஒரு கடிதம் எழுத வைக்கிறோம். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்ததைப் பேரன், "எங்க ஊரு பாதிக்கு மேல போயிட்டு" என்று மிகுந்த வருத்தத்தோடு எழுதியிருந்தான். அஞ்சல் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனதே அவனுக்கு ஒரு தனி அனுபவம்.

இத்தனை சொன்ன பிறகு, எதிர்த்து எழுதியவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். மழலையர் பள்ளிகள் சிலவற்றில் இன்று எல்லோ டே, நாளை ஃப்ரூட்ஸ் டே என்று முதல்நாள் மாலையில்தான் கைப்பேசியில் செய்தி வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு மஞ்சள் சட்டைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் பெற்றோரைப் பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் எவரும் பார்க்கலாம். மறுநாள் பிள்ளையை நிறுத்திப் படம் பிடித்து அனுப்புவதோடு அந்தத் தினம் முடிந்தது; மஞ்சள் சட்டை இல்லாத பிள்ளை ஓரமாக நின்றது மட்டுமே மிச்சம். கைப்பேசி ஸ்டேட்டஸில் சிட்டுக்குருவி படம் போட்டுவிட்டுச் சன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்காத சிட்டுக்குருவி தினமும் அப்படிப்பட்டதே. எதையாவது கடையில் வாங்கினால்தான் நடக்கும் என்ற நிலை வந்தால் அந்த நாளை விட்டுவிடலாம். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் வீட்டு வரம்பு. தேர்வு நேரத்தில் அதுவும் இல்லை.

நம் முன்னோர் வைத்த சிறுநாட்கள் பருவத்தை ஒட்டியவை. பூசணி பூக்கும் மார்கழியில் பூ, குருத்தோலை வெட்டும் கார்த்திகையில் ஓலை என்று அமைத்ததால், தேவையான பொருள் வாசலுக்கே வந்து நாளை நினைவூட்டியது. உலக தினங்களுக்கு அந்த வசதி இல்லை. தேதி ஒன்றுதான் அவற்றுக்கு ஆதாரம். தேதியைச் சொல்ல ஒருவர் வேண்டும். நம்முடைய நாட்களுக்கும் இப்போது அந்த நிலை வந்துவிட்டது. பால்காரரிடம் சொல்லி வைத்துச் சாணம் வாங்கும் ஊரில் சிறுவீட்டுப் பொங்கலை மாடு நினைவூட்டப் போவதில்லை. நாளிதழ்தான் நினைவூட்ட வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் இது. நல்ல நேரம், இராகு காலம், சந்திராஷ்டமம் அச்சிடும் கட்டத்துக்குக் கீழே நான்கு வரி இடம் ஒதுக்குங்கள். அன்றைய சிறுநாளின் பெயர், அது எந்த ஊருக்கு உரியது அல்லது யார் எப்போது தொடங்கியது, அன்று வீட்டில் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை ஒன்று ஆகியவை அதில் இருந்தால் போதும். உலக தினங்களின் விவரம் எளிதாகக் கிடைத்துவிடும். நம் ஊர்களின் நாட்களைத்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, இராதாபுரம் வட்டாரங்களிலும், மேலப்பாளையத்து வீடுகளிலும், உவரி போன்ற கடற்கரை ஊர்களிலும் நமக்குத் தெரியாத சிறுநாட்கள் இருக்கத்தான் செய்யும். தங்கள் வீட்டு ஆச்சிமாரிடம் கேட்டு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும்படி வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டால், மார்கழி பிறப்பதற்குள் ஓராண்டுக்குத் தேவையானது சேர்ந்துவிடும். அவற்றை மாத வாரியாகப் பிரித்து எழுதித்தர நானும், என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். ஔவையார் நோன்புக்கு மட்டும் நாளைப் போட்டால் போதும், செய்முறை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.